அந்தோனிப் பார் எந்தப் பக்கம்?

புதுதில்லி,
18 ஆகஸ்ட் 1975

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கச்சி பிளாரன்ஸ் வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் மதினியும் பிள்ளைகளும் நலம்தானே? மதினிக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறதா? எனக்கு இங்கே மழையும் சளியும். மற்றபடி குறையில்லை. இந்த வருடமும் மாதா திருவிழாவுக்கு வர முடியாமல் போய்விட்டது. கோபப்படாதீர்கள்.

ஒரு காரியம். எந்த ராஜா எந்தக் கம்பெனிக்கு எந்தக் கரையை எழுதிக் கொடுத்தான், எந்த நாடு எதில் கையெழுத்துப் போட்டது என்று இத்தனை வருடமாகப் படித்து வருகிறேன். நம் கடலைப் பற்றி என்னிடம் யாரும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறார்கள். நமக்கும் இலங்கைக்கும் நடுவே கடலில் எல்லைக்கோடு போடுவது பற்றி இரண்டு அரசாங்கமும் பேசிக்கொண்டிருக்கின்றன. நம் கரை ஆட்கள் வழக்கமாக எவ்வளவு தூரம் போய் மீன் பிடிக்கிறார்கள் என்று எங்கள் நிறுவனம் ஓர் அறிக்கை தர வேண்டும். எழுதுவது நான்.

விசாரிக்க இரண்டு ஆராய்ச்சி மாணவர்களை அனுப்புகிறேன். அவர்களைத் தருவைகுளத்துக்குக் கூட்டிப்போய்ச் சிலுவை மாமாவிடமும் மற்றவர்களிடமும் பேசவையுங்கள். பேராசிரியர் இடம் ஒன்று நெடுநாளாகக் காலியாகக் கிடக்கிறது. இந்த அறிக்கையைப் பார்த்துத்தான் முடிவு என்று இயக்குநர் சொல்லாமல் சொன்னார். கேட்டதற்கு உள்ளதைச் சொன்னால் போதும் என்று மாமாவிடம் சொல்லுங்கள்.

அன்புடன்,
பிளாரன்ஸ்


தூத்துக்குடி,
7 செப்டம்பர் 1975

மாதா துணை

அன்புள்ள தங்கச்சி பிளாரன்ஸுக்கு அண்ணன் பாஸ்கல் எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். உன் மதினிக்கு முழங்கால் அப்படியேதான். வைத்தியர் நடக்காதே என்கிறார், சாமியார் பூசைக்கு வா என்கிறார்; அவள் சாமியார் பேச்சைக் கேட்கிறாள். உன் சளிக்குச் சுக்கும் மிளகும் போட்டுக் குடி. அங்கே கிடைக்காவிட்டால் எழுது, அனுப்புகிறேன்.

உன் மாணவர்கள் வந்தார்கள். ஒருவர் சென்னைப் பிள்ளை, மற்றவருக்குத் தமிழ் தெரியாது. நல்ல பிள்ளைகள்தான். சுட்ட மணலில் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பாதம் பொத்துப்போனது. தருவைகுளத்தில் வல்லம் ஓட்டுகிற தண்டல்கள் எல்லாரையும் பாய் நிழலில் உட்காரவைத்தேன். மாமா நடுவில். சென்னைப் பிள்ளை அச்சடித்த தாளை எடுத்ததுமே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். போன மாதம்தான் கடத்தல் சாமான் தேடி வந்தவர்கள் வீடு வீடாகப் பானையைக் கவிழ்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர்களும் இப்படித்தான் தாள் வைத்திருந்தார்கள்.

எவ்வளவு தூரம் போவீர்கள் என்று கேட்டார். "நாங்க எங்கன தம்பி தூரம் போவோம்? கரையில விளக்குத் தெரியுத மட்டுந்தான்" என்றார் மாமா. எல்லாத் தலையும் ஆடியது. ஜேசுபாதம் தனக்குக் கடல் என்றாலே பயம் என்றான். அவன் மன்னார் வரைக்கும் பாய் விரித்துப் போய் அங்கே ஒரு வருடம் கரையில் வாடிக் குடிசை போட்டுக் கிடந்தவன். பிள்ளைகள் அத்தனையையும் அழகாக எழுதிக்கொண்டார்கள். திரும்பும்போது, அன்று காலையில் மாமாவின் வல்லம் கொண்டுவந்த கலவா மீன் வழியில் கிடந்தது. ஒவ்வொன்றும் தொட்டில் பிள்ளை அளவு. அந்தச் சாதிக் கலவா கரையில் விளக்குத் தெரிகிற தூரத்தில் கிடைக்காது என்பது மீன் வாங்கி விற்கிற எனக்குத் தெரியும். ஆழத்தில் பாறைத் திட்டு கிடந்தால்தான் அது இருக்கும். பிள்ளைகள் அதைத் தாண்டிக் குதித்துப் போனார்கள்.

உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்படிப்பட்ட பார் எங்கே கிடக்கிறது என்று நம் கரையில் எவனும் வாய் திறந்து சொல்ல மாட்டான். வடக்கே போனேன் என்றால் தெற்கே போயிருக்கிறான் என்று அர்த்தம். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் எல்லாப் பாவத்தையும் சொல்லுவான், பார் இருக்கிற இடத்தைச் சொல்ல மாட்டான். ஆகையால் அந்தத் தாளில் உள்ளதை நம்பி எதையும் எழுதிவிடாதே.

அன்புடன் அண்ணன்
பாஸ்கல்


புதுதில்லி,
14 அக்டோபர் 1975

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் உரிய நேரத்தில் வந்து சேர்ந்தது. பதில் எழுதத்தான் தாமதமாகிவிட்டது. சுக்கு அனுப்ப வேண்டாம், இங்கே கிடைக்கிறது. கருவாடும் அனுப்ப வேண்டாம். போன தடவை பக்கத்து வீட்டுக்காரர்கள் எலி செத்துவிட்டது என்று சுவரை இடிக்கப் பார்த்தார்கள்.

ஜேசுபாதம் கடலுக்குப் பயந்த கதையைப் படித்துத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். ஆனால் என் வேலையில் ஒரு முட்டுக்கட்டை உண்டு. ஒருவர் சொன்னதை நான் ஆதாரமாகக் காட்டலாம். அவர் சொன்னது பொய் என்றால் அதற்குத் தனியாக ஆதாரம் வேண்டும். மீனின் பருமனைப் பார்த்து என் அண்ணன் சொன்னார் என்று அடிக்குறிப்பு எழுத முடியாது. பழைய ஒல்லாந்தர் காகிதங்களில் முத்துக் குளிக்கிற பார்களின் பெயர் இருக்கிறது. மீன் பார்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவர்களிடமும் நம் ஆட்கள் இப்படித்தான் தலையாட்டியிருப்பார்கள்.

மாமா தன் பார் இருக்கும் இடத்தைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் நான் பேச முடியும். நவம்பர் முடிவில் அறிக்கை போக வேண்டும். கேட்டுப் பாருங்கள். மதினியை நடக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
பிளாரன்ஸ்


தூத்துக்குடி,
5 நவம்பர் 1975

மாதா துணை

அன்புள்ள தங்கச்சிக்கு அண்ணன் எழுதுவது. எல்லாரும் சுகம். கல்லறைத் திருநாளுக்கு அப்பா அம்மா கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, உன் பேரிலும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினோம். இந்த வருடம் கொழும்புச் சரக்கு ஒன்றும் போகவில்லை. அங்கே இறக்குமதிக்குக் கதவைச் சாத்திவிட்டார்கள். தோணிகள் கரையில் காய்கின்றன. புதுத் துறைமுகத்துக்குப் பெரிய கப்பல் வருவதைச் சனம் பார்க்கப் போகிறது, நான் போகவில்லை.

கல்லறையில் வைத்தே மாமாவிடம் கேட்டேன். தன் அப்பா கல்லறையில் மெழுகுவர்த்தியைக் காற்று அணைக்காமல் கையால் மறைத்துக்கொண்டிருந்தார். கையெழுத்து என்றதும் கையை எடுத்துவிட்டார்.

"ஏலே பாஸ்கலு, இவரு சாவக் கிடக்கும்போதுதான் எங்காதுல சொன்னாரு. எம்மவன் மனுவேலுக்கே நான் இன்னும் சொல்லல. தில்லிக்குச் சொல்லணுமோ?"

மனுவேல் அவர் வல்லத்திலேயே போகிறவன். ஆனாலும் பாரை நெருங்கும்போது தண்டலைத் தவிர மற்ற எல்லாரும் பாய்க்கு அடியில் குப்புறப் படுத்துவிட வேண்டும் என்பது அந்த வல்லத்து முறை. மகனுக்கும் அதே முறைதான். உன் வேலை விஷயம் என்று சொல்லிப் பார்த்தேன். "அவளுக்கு வேலை இல்லன்னா இங்கன வரட்டும், மீன் இருக்கு" என்றார். ஏறிய சந்தையில் விலை பேசுவது போல அவரிடம் பேசிப் பயனில்லை என்று வந்துவிட்டேன்.

எனக்குத் தெரிந்தது ஒன்று சொல்லுகிறேன். சரக்கைப் பார்க்காமல் தரம் எழுதக் கூடாது. அந்த இடத்தை வெறுமனே விட்டுவிடு. தெரியவில்லை என்று எழுது. அதை எழுதுவதற்கும் படிப்பு உதவத்தானே வேண்டும்? என்ன எழுதப்போகிறாய் என்று ஒரு வரி போடு.

அன்புடன் அண்ணன்
பாஸ்கல்


புதுதில்லி,
17 டிசம்பர் 1975

அன்புள்ள அண்ணனுக்கும் மதினிக்கும் பிள்ளைகளுக்கும்,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். இங்கே குளிர் கடுமை. குழாய்த் தண்ணீரில் கை வைக்க முடியவில்லை. கம்பளிக் காலுறை இரண்டு வாங்கினேன். மதினிக்கு ஒரு சால்வை தனியாக அனுப்பியிருக்கிறேன். கோயிலுக்குப் போகும்போது போடச் சொல்லுங்கள். மூத்தவனின் பரீட்சை எப்படி? நம் வீட்டுக் கிணறு உப்பாகிவிட்டது என்று எழுதியிருந்தானே, மழைக்குப் பிறகு சரியானதா?

பேராசிரியர் பதவி எனக்குக் கிடைத்துவிட்டது. ஜனவரி முதல்.

அன்புடன்,
பிளாரன்ஸ்


தூத்துக்குடி,
11 ஜனவரி 1976

மாதா துணை

அன்புள்ள பேராசிரியருக்கு அண்ணன் எழுதுவது. இங்கே யாவரும் சுகம். உன் மதினி சால்வையைத் தெருவில் எல்லாருக்கும் காட்டிவிட்டாள். தூத்துக்குடி வெயிலில் போடத்தான் முடியவில்லை. மடித்து மாதா படத்துக்குக் கீழே வைத்திருக்கிறாள். கிணறு சரியாகவில்லை.

பதவிச் செய்தியைப் படித்ததும் என் கருவாட்டுக் கிட்டங்கியில் எல்லாருக்கும் மஸ்கோத்து அல்வா கொடுத்தேன். தலையில் கருவாட்டுக் கூடை சுமந்தவனின் தங்கச்சி தில்லியில் பேராசிரியர். ஞாயிறு பூசையில் சாமியார் சொன்னார், ஊர் திரும்பி என்னைப் பார்த்தது. சந்தோஷம்தான். இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் நவம்பரில் நான் ஒரு கேள்வி கேட்டேன். நீ குளிர், காலுறை, சால்வை, பரீட்சை, கிணறு எல்லாம் எழுதியிருக்கிறாய். என் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. விலை கேட்டவனிடம் விலையைத் தவிர மற்றதெல்லாம் ஒருவன் பேசினால், சரக்கு ஏற்கெனவே கைமாறிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுவோம்.

அதற்கு மேல் கேட்கவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்
பாஸ்கல்


தூத்துக்குடி,
2 ஏப்ரல் 1976

மாதா துணை

தங்கச்சிக்கு,

ஜனவரிக் கடிதத்துக்கு உன்னிடமிருந்து பதில் இல்லை. சுகமாக இருக்கிறாய் என்று எண்ணிக்கொள்கிறேன். நாங்கள் சுகம்.

மன்னார் வளைகுடாவில் கோடு போட்டுக் கையெழுத்தாகிவிட்டது என்று பேப்பரில் ஒரு மூலையில் வந்திருந்தது. இந்தக் கோட்டைத் தாண்டி நம் ஆட்கள் போகக் கூடாது, அவர்கள் ஆட்கள் வரக் கூடாது. மறுநாள் மத்தியானம் மாமா கிட்டங்கிக்கு வந்து உப்பு மூட்டைமேல் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன், குடித்தார். பிறகு மெதுவாக, "கடல்ல கோடு போட்டுட்டாவளாமே, எதை வச்சுடே போடுவாவ? சுண்ணாம்பா?" என்றார். சுமைக்காரர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"பிளாரன்சுட்டக் கேளு. அந்தோனிப் பாரு எந்தப் பக்கம்?"

அவர் வாயால் அந்தப் பெயரை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. முப்பாட்டன் கண்டுபிடித்ததாம், அவர் பெயராம். எங்கே இருக்கிறது என்று சொன்னால்தானே, மாமா, எந்தப் பக்கம் என்று கேட்க முடியும் என்றேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். "எங்கன இருக்குன்னு கேக்காம, எந்தப் பக்கம்னு மட்டும் கேட்டுச் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்தோனிப் பார் போனால் அந்த வல்லம் அடுப்பெரிக்கத்தான். மாமா வீடு மட்டுமல்ல, அதில் போகிற ஆறேழு வீடும்.

உன்னை நான் குறை சொல்ல எழுதவில்லை. பதில் எழுது.

அண்ணன்
பாஸ்கல்


புதுதில்லி,
26 ஏப்ரல் 1976

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம் என்று எழுதினால் நம்ப மாட்டீர்கள். தூக்கம் சரியில்லை, மற்றபடி நலம். மதினிக்கு என் அன்பு.

ஜனவரியில் நீங்கள் எடுத்துக்கொண்டது சரி. "இக்கரை மீனவர் வழக்கமாகக் கரைக்கு அருகிலேயே தொழில் செய்கின்றனர்" என்று எழுதினேன். மாணவர்கள் கொண்டுவந்த தாள்களை ஆதாரமாகக் காட்டினேன். கீழே அடிக்குறிப்பில், பார்களை மறைப்பது இக்கரை மரபு, ஆகவே இந்த வாக்குமூலத்தை அப்படியே ஏற்க முடியாது என்றும் எழுதியிருந்தேன். இயக்குநர் படித்துவிட்டு, மேலிடத்தில் படிக்கிறவர்களுக்கு ஒரே வார்த்தையில் பதில் வேண்டும், இந்தக் குறிப்பு குழப்பும் என்றார். எடுத்துவிடு என்று அவர் சொல்லவில்லை. நானே எடுத்தேன். அந்தத் தாளைத் திரும்பத் தட்டச்சு செய்தவளும் நான்தான். கடிதங்களைப் பிரித்துப் படிக்கிற காலம், அதனால்தான் உங்களுக்கு எழுதவில்லை என்று ஒரு சாக்குச் சொல்லலாம். அது சாக்குத்தான்.

கோடு அறிவித்த பிறகு, அறிக்கை போய்ச் சேர்ந்த அலுவலகத்துக்குப் போனேன். என் வரி எங்கே பயன்பட்டது என்று தெரிந்தால், குறைந்தபட்சம் எங்கே நின்று மன்னிப்புக் கேட்பது என்றாவது தெரியும் என்று நினைத்தேன். ஒரு குமாஸ்தா தேடி எடுத்துக் கொடுத்தார். நவம்பரில் நான் நாடாவால் கட்டிய முடிச்சு. நான் எப்போதும் இரண்டு சுற்றுச் சுற்றி இடப்பக்கமாக முடிவேன். அப்படியே இருந்தது. யாரும் அவிழ்க்கவில்லை. படிக்காமலேயே கோடு போட்டிருக்கிறார்கள், அண்ணா. இருபது வருடம் உடன்படிக்கைகளைப் படித்தவள் நான். அவற்றுக்குக் கீழே இப்படி எத்தனை முடிச்சுகள் அவிழாமல் கிடந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்ததில்லை. நான் செய்த தப்புக்குக்கூட ஒரு மதிப்பு இல்லை.

கோடு போட்ட வரைபடம் ஒன்று இதனுடன் அனுப்புகிறேன். மாமா பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும்.

பிளாரன்ஸ்


தூத்துக்குடி,
16 மே 1976

மாதா துணை

அன்புள்ள தங்கச்சி பிளாரன்ஸுக்கு அண்ணன் எழுதுவது. நாங்கள் சுகம். உன் மதினி உனக்காக ஒன்பது நாள் ஜெபம் தொடங்கியிருக்கிறாள். காரணம் கேட்கவில்லை, தூக்கம் இல்லையாம் என்று மட்டும் சொன்னேன்.

நான் முதல் முதலாகக் கொழும்புக்கு அனுப்பிய கருவாட்டுச் சிப்பம் அங்கே துறைமுகத்திலேயே கிடந்து புழு வைத்தது. சரக்கு மட்டம் என்று ஒருவனும் சொல்லவில்லை. பிரிக்கவே இல்லை. அந்தச் சிப்பத்தில் மேலே நல்லதும் அடியில் ஈரமுமாகத்தான் நான் வைத்திருந்தேன். பிரித்திருந்தால் பிடிபட்டிருப்பேன். பிரிக்காதது அவர்கள் குற்றம், ஈரம் வைத்தது என் குற்றம். ஒன்றைக் காட்டி மற்றொன்றைக் கழிக்க முடியாது. நீ செய்தது தப்பு. உனக்குப் படிப்பு இருக்கிறது, அதனால் சுற்றி வளைக்காமல் சொல்லுகிறேன். அதற்காகச் சாப்பிடாமல் கிடக்காதே.

வரைபடத்தைத் தருவைகுளத்துக்குக் கொண்டுபோனேன். மாமா வல்லத்தின் மேல் விரித்து நாலு மூலையிலும் சங்கு வைத்து வெகுநேரம் பார்த்தார். "கடலு எங்கடே? வெறும் வெள்ளத்தாளால்லா இருக்கு" என்றார். அவருடைய கடலில் காற்று இருக்கிறது, நீரோட்டம் இருக்கிறது, அடிமணல் இருக்கிறது. இதில் கோடு மட்டும்தான் இருக்கிறது. தன் பாரை அதில் எங்கே வைப்பது என்று அவருக்கும் தெரியவில்லை. அவரிடம் கேட்காமல் எனக்கும் தெரியாது.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். எழுத்தில் தர மாட்டார். என்னிடமும் சொல்ல மாட்டார், நான் வியாபாரியாம். "அந்தப் பிள்ள வரட்டும். காதுல சொல்லுதேன்" என்கிறார். நீ எழுதிய வரியைப் பற்றி நான் மூச்சு விடவில்லை. அது நீ சொல்ல வேண்டியது.

அண்ணன்
பாஸ்கல்


புதுதில்லி,
20 ஜூன் 1976

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். இப்போது கொஞ்சம் தூங்குகிறேன். மதினியின் ஜெபமாக இருக்கும்.

திருவிழாவுக்கு வருகிறேன். ரயில் சீட்டு எடுத்துவிட்டேன். ஸ்டேஷனுக்கு யாரையும் கூட்டி வராதீர்கள், மாலை கீலை வேண்டாம்.

பிளாரன்ஸ்


புதுதில்லி,
21 ஆகஸ்ட் 1976

அன்புள்ள அண்ணனுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். மதினி கட்டிக் கொடுத்த சோறு மூன்று வேளைக்கு வந்தது. அந்த முழங்கால் வலியோடு அவள் மாதா தேர் பின்னால் நடந்ததை நான் பார்த்தேன் என்று சொல்லுங்கள்.

மாமா என்னைக் கரைக்குக் கூட்டிப்போன அன்று உங்களைத் திருப்பி அனுப்பியது உங்களுக்கு வருத்தம் என்று தெரியும். என் கைப்பையைக்கூட வாங்கி மனுவேலிடம் கொடுத்தனுப்பிவிட்டார், உள்ளே பேனா இருக்கும் என்று. அவர் வாய் திறக்கும் முன் நான் சொல்லிவிட்டேன். அறிக்கை, அடிக்குறிப்பு, பதவி, முடிச்சு எல்லாம். கேட்டுக்கொண்டே பாய்க் கயிற்றை முறுக்கிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"நாங்க சொன்னதத்தானளா எழுதியிருக்க. பொய் சொன்னது நாங்க, எழுதினது நீ, படிக்காதது அவ்வொ. இதுல யார அடிக்க?"

நான் அழுதேன். அவர் அதைப் பார்க்காதது போலத் திரும்பிக்கொண்டு என் காதருகே குனிந்து இடத்தைச் சொன்னார். இரண்டு தடவை. என்னை ஒரு தடவை திருப்பிச் சொல்லவைத்தார். தில்லி வருகிறவரை அதை உள்ளங்கைத் தண்ணீரைப் போலக் கொண்டுவந்தேன். ரயிலில் பேச்சுக் கொடுத்தவர்களிடம்கூடச் சரியாகப் பேசவில்லை.

வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு கடல் வரைபடத்தில் அளந்தேன். காற்றைக் கொஞ்சம் குறைத்து வைத்து அளந்தேன். நீரோட்டத்தை நம் பக்கம் தள்ளி வைத்து அளந்தேன். எவ்வளவு தள்ளியும், அண்ணா, பார் அந்தப் பக்கம்தான். தூரமில்லை. வரைபடத்தில் ஒரு கட்டைவிரல் நகத்தின் அகலம். மேசையில் உட்கார்ந்து கோடு போட்டவர்களிடம் யாராவது கேட்டிருந்தால் பேனா அந்தளவு விலகியிருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. விலகியிருக்காது என்றுதான் படித்ததெல்லாம் சொல்லுகிறது.

பென்சில் குறியை அழித்துவிட்டேன். எங்கும் எழுதி வைக்கவில்லை, எழுதவும் மாட்டேன். மாமாவிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும். என்னால் இதைத் தபாலில் அவருக்கு எழுத முடியவில்லை.

பிளாரன்ஸ்


தூத்துக்குடி,
9 செப்டம்பர் 1976

மாதா துணை

அன்புள்ள தங்கச்சி பிளாரன்ஸுக்கு அண்ணன் எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். உன் மதினி தேர் பின்னால் நடந்ததற்கு இப்போது படுத்திருக்கிறாள். நீ பார்த்தாய் என்றதும் எழுந்து உட்கார்ந்து காப்பி குடித்தாள்.

உன் கடிதத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஒரு வாரம் திரிந்தேன். விலை விழுந்த சேதியைச் சரக்குக்காரனிடம் சொல்லுவது எனக்குப் புதிதல்ல. ஆனாலும் கால் போகவில்லை. கடைசியில் மாமாவே வந்துவிட்டார். மீன் இறக்க மனுவேலும் கூட வந்திருந்தான். என் முகத்தைப் பார்த்ததுமே, "அந்தப் பக்கமாடே?" என்றார். ஆமாம் மாமா என்றேன். எவ்வளவு என்றார். கட்டைவிரல் நகத்தைக் காட்டினேன். தன் நகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சங்கு குளித்த கை, நகம் பாதி இல்லை.

அப்புறம் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். "ஏலே மனுவேலு, இங்கன வா" என்று கூப்பிட்டார். கிட்டங்கியில் சுமைக்காரர்கள், தராசுக்காரன், கருவாடு வாங்க வந்த பெண்கள் எல்லாரும் இருந்தார்கள். காதில் சொல்லவில்லை. கடலில் பேசுவது போல உரக்கச் சொன்னார். "கேட்டுக்கடே. கச்சான் காத்துல பொழுது சாயப் பாய் ஏத்து. கோயில் சிலுவை பனைக்கு அடியில முங்குதமட்டும் நேர் கிழக்க ஓடு. அப்புறம் தேள் வெள்ளி ஏறுத திக்க முன் அணியத்துல வச்சுக்க. விடியுத நேரத்துல தண்ணி பச்சையிலருந்து கறுக்கும். ஈயக்குண்டுல மெழுகு தடவி எறக்கு. கறுப்பு மணலும் ஒடைஞ்ச சிப்பியும் ஒட்டி வந்தா, அதான் அந்தோனிப் பாரு."

ஒரு பெண் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அவரவர் வீட்டுச் சாவுப்படுக்கையில் மட்டும் கேட்கிற பேச்சு அது. மாமா என் பக்கம் திரும்பினார். "எல்லாரும் கேட்டாச்சு. இனி அதுக்கு என்ன பூட்டு? பிளாரன்சுட்டச் சொல்லு, எழுதிக்கிடட்டும். எம்பேரப் போட்டே எழுதட்டும்."

அதனால்தான் இதில் பயமில்லாமல் எழுதியிருக்கிறேன். தபாலைப் பிரிக்கிறவர்கள் பிரித்துப் படிக்கட்டும்.

அதோடு முடியவில்லை. மறுநாள் ஜேசுபாதம் வந்தான். தன் பார் எந்தப் பக்கம் என்று கேட்க வேண்டுமாம், அதைக் காதில்தான் சொல்லுவானாம். அவனுக்குப் பின்னால் மணப்பாட்டிலிருந்து இரண்டு பேர். ஒருவன் சொல்லும்போது மற்றவன் வெளியே போய் நிற்கிறான். கிட்டங்கி பாவசங்கீர்த்தனத் தொட்டி மாதிரி ஆகிவிட்டது. நான் வியாபாரி, என்னிடம் சொல்லாதீர்கள், தங்கச்சி கிறிஸ்துமஸுக்கு வருவாள் என்று சொல்லி அனுப்பிக்கொண்டிருக்கிறேன். வருவாய் அல்லவா? எந்தப் பார் இந்தப் பக்கம் இருக்கிறதோ அதைச் சொந்தக்காரன் காதில் சொல்லிவிட்டு மறந்துவிடு. எது அந்தப் பக்கம் போயிற்றோ அதை அவனிடம் சம்மதம் கேட்டுக்கொண்டு எழுது. கோடு நகராது. எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். ஆனாலும் எழுது. அந்த அடிக்குறிப்பையும் திரும்பப் போடு. தில்லியில் கட்டியே வைக்கட்டும். ஒரு பிரதி இங்கே அனுப்பு. முடிச்சை அவிழ்த்துப் படிக்க இங்கே ஆள் இருக்கிறது.

குளிருக்கு முன்னால் காலுறையை வெயிலில் போடு. சாப்பிடு.

அன்புடன் அண்ணன்
பாஸ்கல்

பி.கு: மாமா போன பிறகு மனுவேல் கூடையைத் தூக்கிக்கொண்டே என்னிடம் சொன்னான்: "எனக்கு எப்பமோ தெரியும் அத்தான். பாய்க்கு அடியில படுத்துக்கிட்டே காத்தையும் தண்ணிச் சத்தத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் வருவேன். அவரு வாயால சொல்லட்டும்னு இருந்தேன்." இதை மட்டும் எழுதிவிடாதே. மாமாவுக்குத் தெரிய வேண்டாம்.